யானையை விரட்டுவது எப்படி என்று கேட்காதவர்கள்

ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோவிலுக்குப் போகும் சாலையில், ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தை நெருங்கும்வரை மாந்தோப்பும் தென்னந்தோப்பும்தான். வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் செண்பகத்தோப்பு, தெற்கே சேத்தூர், தேவதானம் என்று மலையடிவாரம் நெடுக இதே காட்சி. தோப்பு முடிகிற இடத்தில் காடு. யானைக்கு அந்த எல்லைக்கல் தெரியாது. ராத்திரி இறங்கி, தென்னங்கன்றின் குருத்தைப் பிடுங்கித் தின்று, சொட்டுநீர்க் குழாயை மிதித்துவிட்டு, விடிவதற்குள் மலையேறிவிடும். காலையில் போய்ப் பார்க்கிறவருக்குச் சில வருட உழைப்பு சாய்ந்து கிடக்கும்.

விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டங்களில் இந்தப் பேச்சு எழும்போது, பிரச்சினையைச் சொல்கிற ஒவ்வொருவரும் கையோடு தீர்வையும் கொண்டுவந்திருப்பார். ஒருவர் அகழி வெட்டச் சொல்வார். அடுத்தவர் சோலார் வேலிக்கு மானியம் கேட்பார். கும்கியைக் கொண்டுவரச் சொல்பவர் உண்டு, இழப்பீட்டைக் கூட்டினாலே போதும் என்பவரும் உண்டு. அவரவர் நிற்கும் இடத்திலிருந்து எல்லாரும் சரியாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் அகழியின் கரை இரண்டு மழையில் சரிந்து மேடாகிவிடும். ஒரு தோப்பில் வேலி போட்டால் யானை பக்கத்துத் தோப்புக்குப் போகும். வெடி போட்டு விரட்டலாம், சிவகாசி பக்கத்திலேயே இருக்க வெடிக்கு என்ன பஞ்சம்? நாளாக ஆக யானைக்கு அந்தச் சத்தம் பழகிவிடும், அல்லது மிரண்டு ஆளை நோக்கியே திரும்பும்.

இப்படிப்பட்ட சிக்கல்களின் குணங்களை 1973-இலேயே வகுத்து எழுதியவர்கள் ஹார்ஸ்ட் ரிட்டல், மெல்வின் வெப்பர் என்ற இரு பேராசிரியர்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இருந்தவர்கள், நகரத் திட்டமிடல் பற்றி யோசித்தவர்கள். கணக்குப் பாடம்போல ஒரே விடை உள்ள பிரச்சினைகள் ஒரு வகை. இன்னொரு வகையில், பிரச்சினை என்ன என்பதிலேயே ஆளுக்கொரு கருத்து இருக்கும். முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்திருக்கும் வேளை வராது. ஒரு தீர்வை முயன்று பார்த்தாலே களம் மாறிவிடும். பழைய நிலைக்குத் திரும்பி வேறொன்றைச் சோதிக்க வழியில்லை. அடிவாரத்து யானைக்கு இந்த வரையறை அப்படியே பொருந்துகிறது. குப்பை, போக்குவரத்து நெரிசல், பள்ளியிலிருந்து பிள்ளைகள் நின்றுபோவது எல்லாம் இதே இனம்தான்.

கல்லூரிகளிலும் ஐ.டி. கம்பெனிகளிலும் இன்று டிசைன் திங்கிங் என்று அடிபடுவது, இந்த இனத்துச் சிக்கலைக் கூட்டாகக் கையாள்வதற்கான ஒரு நடைமுறை. கட்டடமும் கருவியும் வடிவமைப்பவர்கள் யோசிக்கும் விதத்தை மற்ற வேலைகளுக்கும் கொண்டுவரலாம் என்பது அதன் அடிப்படை. 1969-இல் ஹெர்பர்ட் சைமன் எழுதிய நூலொன்றில் இதன் வேர் இருக்கிறது. 1991-இல் டேவிட் கெல்லியும் கூட்டாளிகளும் அமைத்த ஐடியோ நிறுவனம் இதைத் தொழிலாக்கியது. பிறகு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டி.ஸ்கூல் இதை ஐந்து வேலைகளாகப் பிரித்து உலகெங்கும் பரப்பியது: பயன்படுத்துகிறவரோடு இருந்து அவர் நிலையை உணர்வது, சிக்கலை வரையறுப்பது, யோசனைகளைப் பெருக்குவது, மலிவாக ஒரு மாதிரி செய்வது, அதை அவரிடமே கொடுத்துச் சோதிப்பது. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதென்று வைத்துக்கொள்ள முடியாது. சோதிக்கும்போது முதல் வேலைக்கே திரும்ப நேரும், பெரும்பாலும் நேர்கிறது.

இந்த ஐந்தையும் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதி மார்க் வாங்கிவிடலாம். பலர் செய்வது அதைத்தான். உண்மையில் எப்படி நடக்கிறது என்று பார்க்க வால்பாறைக்குப் போவது நல்லது.

ஆனைமலையில் 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மேட்டுநிலம் வால்பாறை. தேயிலை, காப்பித் தோட்டங்கள். அவற்றுக்கு நடுவே திட்டுத் திட்டாக மிஞ்சிய காடு. சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகமும் கேரளத்துக் காடுகளும். ஏறக்குறைய 70,000 பேர் வாழ்கிறார்கள். யானை தேயிலையைத் தின்பதில்லை. ஒரு காட்டுத் திட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகத் தேயிலைக்குள் நடக்கிறது, அவ்வளவுதான். அதை வேலி போட்டு அடைக்கவும் முடியாது, அது போக வேறு வழியும் கிடையாது. ஆண்டுதோறும் மனித உயிர்கள் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் எழுந்த கோரிக்கை ஒன்றுதான்: யானையை விரட்டு.

நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் ஆய்வாளர் எம். ஆனந்தகுமாரும் குழுவினரும் 2002 முதல் அங்கே யானைக் கூட்டங்களைப் பின்தொடர்ந்தார்கள். எந்த மாதம் எந்த ஓடையோரம் நிற்கின்றன, எந்தப் பாதையில் கடக்கின்றன என்று பதிவு செய்தார்கள். கூடவே இன்னொரு வேலையும் செய்தார்கள். இந்தக் கதையின் திருப்பமே அதில்தான் இருக்கிறது. யானையால் இறந்தவர்கள் ஒவ்வொருவரும் எங்கே, எந்த நேரத்தில், என்ன செய்துகொண்டிருந்தபோது இறந்தார் என்று விசாரித்துத் தொகுத்தார்கள்.

பெரும்பாலானவர்கள் யானையை விரட்டப் போனவர்களாக இல்லை. அங்கே யானை நிற்பது தெரியாமலே நடந்து போனவர்கள். தேயிலைக்காட்டுப் பாதை வளைந்து வளைந்து போகும். இருட்டுகிற நேரத்தில் வீடு திரும்புகிறவருக்கு அடுத்த வளைவில் நிற்கிற யானை, பத்தடி தூரத்துக்கு வரும்வரை கண்ணில் படாது. கட்டடச் சேதத்திலும் ஒரு ஒழுங்கு தென்பட்டது. அரிசியும் பருப்பும் இருப்பு வைத்திருக்கும் ரேஷன் கடைகளும் சத்துணவுக் கூடங்களும்தான் அதிகம் அடிவாங்கியிருந்தன.

இதைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், யானையை எப்படி விரட்டுவது என்ற கேள்வியே ஆட்டம் காண்கிறது. விரட்டினால் யானை கூட்டம் பிரிந்து, எதிர்பாராத இடத்தில், எதிர்பாராத நேரத்தில் நிற்கும். சாவுக்குக் காரணமே அந்த எதிர்பாராமைதான். குழு வேறொரு கேள்விக்கு வந்து சேர்ந்தது: இன்று மாலை யானை எங்கே நிற்கிறது என்பதை, அந்த வழியே போகப்போகிறவருக்கு அவர் கிளம்புவதற்கு முன்னால் எப்படிச் சொல்வது?

கேள்வி மாறியதும் விடையின் விலையும் மாறிவிட்டது. அகழிக்கும் வேலிக்கும் கோடிகள் வேண்டும். இந்தக் கேள்விக்கு முதல் விடையாக வந்தது உள்ளூர் கேபிள் டிவி. 2006 வாக்கில், சாயங்காலம் ஓடுகிற நிகழ்ச்சிக்குக் கீழே, இன்ன எஸ்டேட்டில் இன்ன இடத்தில் யானைகள் நிற்கின்றன என்று ஓர் எழுத்து வரி ஓடத் தொடங்கியது. டிவி முன்னால் இருப்பவருக்கு இது போதும். வேலை முடிந்து நடந்துகொண்டிருப்பவருக்கு? 2011-இல் மொபைலுக்குக் குறுஞ்செய்தி வந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாதவர்களுக்குக் குரல் அழைப்பு சேர்ந்தது. போனையே எடுத்துப் பார்க்காதவருக்கு? மேடான இடங்களில் கம்பம் நட்டுச் சிவப்பு விளக்குகள் வைத்தார்கள். விளக்குக்குள் ஒரு சிம் கார்டு. அந்தப் பகுதியில் பொறுப்பேற்றவர் தன் போனிலிருந்து கூப்பிட்டால் எரியும், யானை நகர்ந்ததும் அணைக்கலாம். தொலைவிலிருந்தே தெரியும். விளக்கு எரிந்தால் வேறு வழியில் போ, அல்லது துணைக்கு ஆள் வரும்வரை நில்.

வால்பாறையில் யானையால் இறப்பவர்கள் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்தது. 2015-இல் ஆனந்தகுமாருக்கு லண்டனில் விட்லி விருது கொடுத்தார்கள். இத்தனைக்கும் அவர்கள் யாரும் தாங்கள் டிசைன் திங்கிங் செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டதாகத் தெரியவில்லை. அவர்கள் செய்தது வனவிலங்கு ஆய்வு. ஆனால் பாடப்புத்தகம் சொல்லும் ஐந்து வேலைகளும், ஒன்றின் குறை அடுத்ததைப் பெறும் அந்தச் சுழற்சியும் இதில் அப்படியே இருக்கின்றன. பெயர் புதிது, வேலை பழையது என்பது என் எண்ணம்.

இந்த வரிசையில் முதல் வேலை, அதாவது போய்ப் பார்ப்பது, எளிதாகத் தோன்றும். ஆனால் அதிகம் சொதப்பப்படுவது அதுதான். கேள்வித்தாளோடு போய், யானைப் பிரச்சினைக்கு என்ன செய்யலாம் என்று நினைக்கிறீர்கள் என்று தோப்புக் காவல்காரரிடம் கேட்டால், கூட்டத்தில் கேட்ட அதே அகழியும் வேலியும்தான் விடையாக வரும். அவரிடம் யோசனை கேட்க வேண்டாம், நடந்ததைக் கேட்க வேண்டும். "நேத்து எத்தன மணிக்கு அண்ணாச்சி சத்தம் கேட்டுச்சு? அப்ப எங்க படுத்திருந்தீங்க? மொதல்ல டார்ச்ச எடுத்தீங்களா, போன எடுத்தீங்களா? யாருக்குக் கூப்பிட்டீங்க? அவங்க எடுத்தாங்களா?" இப்படி ஒரு ராத்திரியை முதலிலிருந்து கடைசிவரை சொல்லவைத்தால், அவரே கவனிக்காத ஒன்று வெளியே வரும். போனில் சார்ஜ் இல்லாமல் போயிருக்கலாம். காவல் குடிசையின் வாசல் யானை வரும் திசையிலேயே இருக்கலாம். முதலாளி தூக்கத்தில் எழுப்பினால் திட்டுவார் என்று யாருக்குமே போன் போடாமல் இருந்திருக்கலாம். இந்த மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. எதுவும் அகழி அல்ல.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கும் இப்படி ஒரு பாடம் கிடைத்தது. டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது அது. கிராமங்களில் இலவசக் கண் முகாம் நடத்துவதில் பெயர்பெற்றது. இலவசம் என்றால் கூட்டம் தானாக வரும் என்றுதானே நினைப்போம்? 1999-இல் வெளியான ஓர் ஆய்வு தமிழகக் கிராமங்களில் கண் பிரச்சினை உள்ளவர்களைக் கணக்கெடுத்துப் பார்த்தது. அவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. பஸ் செலவு, போகிற நாளின் கூலி, கூட்டிப்போக ஆள் இல்லாமை, பயம், இன்னும் அவ்வளவு மோசமாகவில்லை என்ற சமாதானம் எனக் காரணங்கள் பல. வராதவரைப் போய்ப் பார்த்தால்தான் இது தெரியும். முகாமுக்கு வந்தவரிடம் எத்தனை கருத்துப் படிவம் நிரப்பி வாங்கினாலும் தெரியாது. பிற்பாடு அரவிந்த் ஊர்களுக்குள்ளேயே சிறு கண் பரிசோதனை மையங்களைத் திறந்தது. உள்ளூரில் பயிற்சி பெற்ற பெண்கள் நோயாளியைப் பரிசோதிக்க, டாக்டர் தொலைவிலிருந்து திரையில் பேசுவார். தேனிப் பக்கம் 2004 வாக்கில் பெர்க்லி ஆய்வாளர்களின் நெடுந்தூர வைஃபை இணைப்போடு அது நடந்தது. அங்கேயும் கேள்வி, நோயாளியை எப்படி வரவழைப்பது என்பதிலிருந்து நாம் எவ்வளவு கிட்டே போகலாம் என்பதற்கு நகர்ந்திருக்கிறது.

இரண்டாவது வேலை, கேள்வியை எழுதுவது. இதற்கு ஒரு வாக்கியம்தான் தேவை. ஆனால் குழு அதிகம் சண்டை போட வேண்டிய இடம் இது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பண்டம். பால்கோவா சீக்கிரம் கெட்டுவிடுகிறது, கெடாமல் இருக்க என்ன செய்யலாம் என்று கேட்டால், உணவுத் தொழில்நுட்பம் படித்தவர்கள் பதப்படுத்தலையும் காற்றுப் புகாத பாக்கிங்கையும் தேடிப் போவார்கள். சுவை மாறும், விலை ஏறும். வெளியூரிலிருந்து கோவிலுக்கு வந்து, பஸ் கிளம்புவதற்கு முன்னால் அவசரமாக ஒரு டப்பா வாங்குகிறவருக்கு, அது இன்று காலை கிண்டியதுதானா என்று எப்படித் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். இப்போது வேதியியல் விலகி நிற்கிறது. டப்பா, தேதி, கடையின் முகப்பு, அடுப்பு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதெல்லாம் உள்ளே வருகின்றன. எந்தக் கேள்வி சரி என்று உட்கார்ந்த இடத்தில் தீர்மானிக்க முடியாது. முதல் கேள்விக்குள் பதப்படுத்தல் என்ற தீர்வு ஒளிந்திருந்தது என்பதையாவது பார்க்க முடியும். நல்ல கேள்விக்குள் யாருடைய சிரமம் என்பது இருக்கும், தீர்வின் பெயர் இருக்காது.

அடுத்து, குழு. டிசைன் திங்கிங் வகுப்புகளில் வண்ண வண்ணச் சீட்டுகளைச் சுவரில் ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பயிலரங்கு முடிந்தால் சுவர் திருவிழாத் தோரணம் மாதிரி இருக்கும். மறுநாள் அலுவலக உதவியாளர் எல்லாவற்றையும் கூட்டி அள்ளுவார். சீட்டு ஒட்டுவதற்கு ஒரு காரணம் உண்டு, அது சொல்லப்படாததால் சடங்காகிவிட்டது.

கூடி உட்கார்ந்து, குறை சொல்லாமல், மனதில் பட்டதையெல்லாம் சொல்லும் முறைக்கு இலக்கணம் வகுத்தவர் அலெக்ஸ் ஆஸ்பார்ன் என்ற அமெரிக்க விளம்பரக்காரர். கூட்டமாக யோசித்தால் தனியாக யோசிப்பதைவிட அதிகம் கிடைக்கும் என்றார். 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நாலு பேர் கூடி யோசித்ததைவிட, அதே எண்ணிக்கை ஆட்கள் தனித்தனியாக யோசித்ததைச் சேர்த்தபோது அதிக யோசனைகள் கிடைத்தன. கூட்டத்தில் ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும்; காத்திருக்கையில் சொல்ல நினைத்தது மறந்துபோகும், அல்லது வெட்கம் வந்துவிடும். ஆகவே முதலில் பேசாமல் தனித்தனியாக எழுது, பிறகு எல்லாவற்றையும் பொதுவில் வை என்ற வழக்கம் வந்தது. சீட்டின் வேலை அதுதான். எழுதியவர் யாரென்று தெரியாமல் யோசனை மட்டும் சுவரில் நிற்கும்.

நம் ஊர்க் கூட்டங்களுக்கு இது கூடுதலாகத் தேவை. நம்மிடம் பெரியவர் முதலில் பேசுவார். அவர் பேசி முடித்தபின் மற்றவர்கள் செய்வது, அதையே வேறு வார்த்தைகளில் வழிமொழிவது. வயது, பதவி, சாதி, சம்பளம், யார் வீட்டுத் தோப்பு என எல்லாமும் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கும். துறைத்தலைவர் "இது சரிப்படாதுப்பா" என்றுவிட்டால் இரண்டாம் ஆண்டு மாணவி வாய் திறக்க மாட்டாள். ஆகவே எழுதிவிட்டுப் படியுங்கள், படிக்கும்போது குழுவில் ஆக இளையவர், அல்லது ஆகக் குறைந்த சம்பளக்காரர் முதலில் படிக்கட்டும், தலைவர் கடைசி. இந்த ஒரு விதியை மட்டும் பின்பற்றினாலே பாதி டிசைன் திங்கிங் வந்துவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

யாரைக் குழுவில் சேர்ப்பது என்பது அதற்கும் முந்தைய கேள்வி. வால்பாறைக்கு வனவிலங்கு நிபுணர்கள் குழு ஒன்றை அரசு அமைத்திருந்தால், அதில் கேபிள் டிவிக்காரருக்கு நாற்காலி போட்டிருப்பார்களா? ஆனால் முதல் விடை அவர் கையில்தான் இருந்தது. ஒரே வகுப்பில், ஒரே பாடம் படித்த நாலு பேர் சேர்ந்தால் ஒரு மூளை நாலு முறை யோசித்தமாதிரிதான். செண்பகத்தோப்பிலும் அய்யனார் கோவில் பகுதியிலும் இருக்கும் பளியர் குடியினருக்கு யானை எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியும். வேட்டைத் தடுப்புக் காவலருக்குத் தடம் தெரியும். தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவருக்குக் கணக்கு தெரியும். பாலிடெக்னிக் மாணவருக்கு சர்க்யூட் தெரியும். இந்த நாலு பேரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருவது சுலபமில்லை. பகலில் கூப்பிட்டால் காவல்காரர் தூங்கிக்கொண்டிருப்பார்.

மாதிரி செய்வதிலும் ஒரு தப்பு எண்ணம் இருக்கிறது. மாதிரி என்றால் சின்ன அளவில் செய்த முழுக் கருவி என்று நினைக்கிறார்கள். குழுவுக்கு எது நிச்சயமில்லையோ, அதை மட்டும் சோதிக்கும் மலிவான ஏற்பாடு போதும். சிம் கார்டு போட்ட விளக்கு எரியுமா என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. விளக்கைப் பார்த்ததும் தோப்புக்குப் போகிறவர் உண்மையில் திரும்பிப்போவாரா என்பதுதான் சந்தேகம். அதைச் சோதிக்க எமர்ஜென்சி லைட்டில் சிவப்பு ஜிகினாத் தாளைச் சுற்றி, பாதை முக்கில் ஒருவர் கையாலேயே ஏற்றி அணைத்தால் போதுமே. சில ராத்திரிகளில் விடை தெரிந்துவிடும். பைக்கில் வருகிறவர் விளக்கைப் பார்த்துவிட்டு ஆக்சிலேட்டரை முறுக்குகிறார் என்றால் பிரச்சினை வேறு.

மாதிரியைக் கொடுத்துப் பார்த்ததில் கிடைத்த கண்டுபிடிப்புகளில் எனக்குப் பிடித்தது எம்ப்ரேஸ் குழுவினுடையது. 2007-இல் ஸ்டான்ஃபோர்டு வகுப்பொன்றில், குறைமாதக் குழந்தைகளுக்கு விலை குறைந்த இன்குபேட்டர் செய்யச் சொன்னார்கள். குழுவில் ஒருவர் நேபாளம் போனார். காத்மாண்டு மருத்துவமனையில் நன்கொடையாக வந்த இன்குபேட்டர்கள் காலியாகக் கிடந்தன. குழந்தைகள் பிறப்பது மலைக் கிராமங்களில்; மருத்துவமனைக்கு வந்துசேரும்வரை உயிர் தாங்குவதில்லை. ஆக, மலிவான பெட்டி என்ற கேள்வியை விட்டுவிட்டு, மின்சாரமில்லாமல் உடம்புச் சூட்டைக் காக்கும், மெழுகு போன்ற பொருள் அடைத்த சின்ன உறைப்பை ஒன்றைச் செய்தார்கள். அதில் வெப்பநிலையைக் காட்டும் எண்கள் இருந்தன. இந்தியக் கிராமம் ஒன்றில் ஒரு தாய் சொன்னார்: ஆங்கில மருந்து ரொம்ப வீரியம், டாக்டர் சொன்ன அளவுக்குக் குறைத்துத்தான் கொடுப்பேன், இதையும் 37 என்று சொன்னால் 30-க்குத்தான் சூடு பண்ணுவேன். உடனே எண்கள் போயின. சரியாக இருக்கிறது, இல்லை என்று மட்டும் காட்டும்படி மாற்றினார்கள். ஆய்வுக்கூடத்தில் எத்தனை வருடம் உட்கார்ந்திருந்தாலும் இது யாருக்கும் தோன்றியிருக்காது.

நம் பகுதியில் இதையெல்லாம் கற்கக் களம் இல்லாமல் இல்லை. கிருஷ்ணன்கோவிலில் 1984-இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இருக்கும் கலசலிங்கம், ராஜபாளையத்தில் 2013-இல் வந்த ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி, அதற்கு முன்பிருந்தே இருக்கும் ராமசாமி ராஜா பாலிடெக்னிக் என ஆயிரக்கணக்கில் பொறியியல் பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளிகளுக்கு 2016 முதல் அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் வந்தன. மாநில அரசின் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம், பள்ளிக்கல்வித் துறையோடும் யுனிசெஃபோடும் சேர்ந்து அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் புத்தாக்கத் திட்டம் நடத்துகிறது. 2017 முதல் மத்திய அரசின் ஹேக்கத்தான், 36 மணி நேரம் தொடர்ந்து தீர்வு செய்யும் போட்டி.

எல்லாம் நல்லதே. ஆனால் 36 மணி நேரமும் ஒரு மண்டபத்துக்குள்ளேயே இருந்தால், பிரச்சினைக்காரரைப் பார்க்கும் நேரம் பூஜ்யம். கடைசி வருட புராஜெக்டை ரெடிமேடாக விற்கும் கடைகள் எல்லா ஊரிலும் இருப்பது யாருக்கும் தெரியாததல்ல. சென்சார், போர்டு, அறிக்கை எல்லாம் ஒரே பையில் கிடைக்கும். யானை வந்தால் அலாரம் அடிக்கும் கருவிகூட அந்தப் பையில் இருக்கும். அதைச் செய்த மாணவர் அடிவாரத்தில் ஒரு ராத்திரிகூட உட்கார்ந்திருக்க மாட்டார் என்பதுதான் அதன் குறை. சர்க்யூட்டில் குறை ஒன்றும் இருக்காது.

இந்த முறையால் ஆகாதவையும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் 1988-இல் சாம்பல்நிற அணிலுக்காகச் சரணாலயம் அமைந்தது. 2021-இல் மேகமலையோடு சேர்த்து அது புலிகள் காப்பகமானது. காட்டை ஒட்டிய நிலத்தில் என்ன பயிரிடலாம், யானையின் வழித்தடத்தில் யாருக்குப் பட்டா உண்டு, இழப்பீடு எத்தனை மாதத்தில் வரவேண்டும் என்பவை சட்டமும் அரசியலும் சார்ந்தவை. சுவரில் எத்தனை சீட்டு ஒட்டினாலும் இவை தீராது. இழப்பீடு தாமதமாவதைப் பற்றிப் பேச வந்தவரை உட்காரவைத்து, அவர் மனநிலையை உணர்வதற்கு ஒரு பயிலரங்கு நடத்தினால் அவர் கோபப்படுவார், நியாயமாகவே.

இன்னொரு எச்சரிக்கை, வால்பாறை விளக்கை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து அய்யனார் கோவில் சாலையில் நடுவதைப் பற்றியது. அங்கே யானை தேயிலைக்காக வரவில்லை, கடந்து போகிறது. இங்கே குருத்துக்காகவும் மாங்காய்க்காகவும் வருகிறது. அங்கே ஆபத்து பாதையில் நடக்கிறவருக்கு. இங்கே தோப்புக்குள் குடிசையில் படுத்திருக்கும் காவல்காரருக்கு, அதிகாலையில் மோட்டார் போடப் போகிறவருக்கு, அமாவாசைக்குச் சதுரகிரி ஏறுகிறவருக்கு. வால்பாறையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்கள் தொகுத்த அந்தப் பதிவேட்டின் முறையை. கடந்த சில வருடங்களில் இந்த அடிவாரத்தில் யானையை நேருக்கு நேர் பார்த்தவர்கள், தப்பித்தவர்கள், அடிபட்டவர்கள் எங்கே, எத்தனை மணிக்கு, எதற்காகப் போயிருந்தார்கள்? ஒரு நோட்டும் ஒரு பைக்கும் இருந்தால் நாலு மாணவர்கள் ஒரு பருவத்தில் தொகுத்துவிடலாம். இங்கே கேட்க வேண்டிய கேள்வி அந்த நோட்டிலிருந்துதான் வரும். காவல் குடிசையை எங்கே, எவ்வளவு உயரத்தில் கட்டுவது என்பதாக இருக்கலாம். காவல் என்ற வேலையே இல்லாமல் செய்ய முடியுமா என்பதாகவும் இருக்கலாம்.

அப்படி ஏதாவது ஒரு ஏற்பாடு உருவானால், குழு கடைசியாக உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. போட்டிகளில் இதற்கு மார்க் கிடையாது. விளக்குக்குள் இருக்கும் சிம்மை யார் ரீசார்ஜ் செய்வது? பேட்டரி போனால் யாருக்குப் போன் போடுவது? மாணவர்கள் படிப்பு முடிந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ போன பிறகு ராத்திரி பதினோரு மணிக்கு அந்த விளக்கை ஏற்றப்போகிறவர் பெயர் என்ன, அவர் ஊரில் இல்லாத அன்று அவருக்குப் பதில் யார்? இந்தப் பெயர்கள் நோட்டில் எழுதப்படும்வரை கம்பத்துக்குக் குழி தோண்ட வேண்டாம்.